அடுத்த தெருவுக்குப் போகிறதா குற்றம்?

ஒரு வளையை அடைத்தால் எலி அடுத்த வளை வழியாக வரும். குற்றம் மலிந்த சில தெருக்களில் மட்டும் காவலர்களைக் குவிக்கலாம் என்று யாராவது சொன்னால் உடனே எழும் மறுப்பு இதுதான். இங்கே விரட்டினால் அங்கே போவான், கணக்கு மட்டும் இடம் மாறும் என்பார்கள். இதை ஆமாம் என்றோ இல்லை என்றோ ஒரே சொல்லில் முடித்துவிட முடியாது. எந்தக் குற்றம் என்று ஒரு கேள்வி, காவலர் அங்கே வந்து என்ன செய்தார் என்று இன்னொரு கேள்வி. இரண்டையும் கேட்காமல் நடக்கும் வாதங்கள்தான் அதிகம்.

முதலில் பழைய முறை: ஊர் முழுக்க ஒரே சீராக ரோந்து. எல்லாத் தெருவுக்கும் சம பங்கு என்பதால் கேட்க நியாயமாகவே இருக்கிறது. அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டியில் 1972-73இல் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். 15 ரோந்துப் பகுதிகளை மூன்றாகப் பிரித்தார்கள். ஐந்தில் வழக்கமான ரோந்தையே நிறுத்திவிட்டு, அழைத்தால் மட்டும் போனார்கள். ஐந்தில் எப்போதும்போல, மீதி ஐந்தில் இரண்டு மூன்று மடங்கு. ஓராண்டு முடிவில் மூன்றுக்கும் இடையே குற்றத்தில் சொல்லும்படியான வேறுபாடு இல்லை. ரோந்து கூடியதும் நின்றதும்கூட மக்களின் கண்ணில் பெரிதாகப் படவில்லை.

ஏன் என்பது பின்னர் விளங்கியது. மினியாபொலிஸ் நகரில் காவல்துறைக்கு வந்த அழைப்புகளை முகவரி வாரியாக எண்ணியபோது, மூன்று சதவீத முகவரிகளே பாதி அழைப்புகளுக்குக் காரணமாக இருந்தன. சியாட்டிலில் 14 ஆண்டுப் பதிவுகளைத் தெருத் தெருவாகப் பிரித்தபோதும், ஏறத்தாழ ஐந்து சதவீதத் தெருக்களில் பாதிக் குற்றம். அதுவும் பெரும்பாலும் ஆண்டுதோறும் அதே தெருக்கள். ‘மோசமான பேட்டை’ என்று முழுப் பகுதிக்கும் பட்டம் கட்டுகிறோமே, அதற்குள்ளும் பெரும்பாலான தெருக்கள் அமைதியாகத்தான் கிடக்கின்றன.

ஆகவே இரண்டாவது முறை: குற்றம் குவியும் இடத்தில் காவலையும் குவிப்பது. மினியாபொலிஸில் 1988-89இல் இப்படிப்பட்ட 110 இடங்களை எடுத்து, குலுக்கல் முறையில் 55க்கு மட்டும் கூடுதல் ரோந்து கொடுத்தார்கள். குற்ற அழைப்புகள் 6 முதல் 13 சதவீதம் வரை குறைந்தன. மலை அளவு மாற்றமில்லை. ஆனால் கான்சாஸ் சிட்டியில் பார்த்த பூஜ்ஜியமும் இல்லை. அதே சோதனையிலிருந்து கிடைத்த இன்னொரு தகவல் எனக்கு இன்னும் பயனுள்ளதாகத் தெரிகிறது. காவலர் ஓர் இடத்தில் பத்துப் பதினைந்து நிமிடம் நின்றுவிட்டுப் போனால், அவர் போன பின்னும் அமைதி நீடித்தது. அதற்கு மேல் நின்றதால் கூடுதல் பலன் இல்லை.

சரி, எலி எங்கே போயிற்று? பல ஊர்களில் நடந்த சோதனைகளைத் திரட்டி 2019இல் வெளிவந்த ஓர் ஆய்வு, 78 சோதனைகளில் 62இல் குற்றம் குறைந்ததாகச் சொல்கிறது. பக்கத்துத் தெருக்களையும் அளந்த சோதனைகளில் குற்றம் அங்கே பெருகியதைவிட, அங்கேயும் சற்றுக் குறைந்ததுதான் அதிகம். ஜெர்சி சிட்டியில் இந்த ஒரு கேள்விக்காகவே ஒரு சோதனையை வடிவமைத்தார்கள். பாலியல் தொழில் நடக்கும் ஒரு பகுதி, போதைப்பொருள் விற்பனை நடக்கும் ஒரு பகுதி, இரண்டையும் சுற்றி ஈரடுக்கு வளையம் போட்டு ஆட்களை அமர்த்திக் கவனித்தார்கள். வளையத்துக்குள் பெருக்கம் இல்லை. அங்கே இருந்தவர்களிடமே பேசியபோது காரணமும் வந்தது. பழகிய வாடிக்கையாளர் இங்கேதான் வருகிறார். புது இடம் பயமாக இருக்கிறது. அடுத்த முனை வேறொருவன் கையில் இருக்கிறது. குற்றத்துக்கும் ஒரு வியாபாரக் கணக்கு உண்டு, கடையைத் தூக்கிக்கொண்டு நினைத்த இடத்தில் விரிக்க முடியாது. ஆனால் சிலர் தெருவில் நிற்பதை விட்டு, முன்கூட்டியே பேசிவைத்துச் சந்திக்கத் தொடங்கினார்கள். இடம் மாறவில்லை, முறை மாறியது. இடத்தை மட்டும் அளக்கும் எந்த வரைபடத்திலும் இது தெரியாது.

இத்தோடு நிறுத்தினால் குவிப்பு முறைக்கே வெற்றி என்று எழுதிவிடலாம். பொகோட்டா குறுக்கே வருகிறது. கொலம்பியாவின் தலைநகரான அங்கே 2016இல் ஏறத்தாழ 1,37,000 தெருத் துண்டுகள் கொண்ட நகரில் 1,919ஐத் தேர்ந்தெடுத்து, சிலவற்றில் கூடுதல் ரோந்து, சிலவற்றில் விளக்கும் துப்புரவும், சிலவற்றில் இரண்டும், மீதியில் எதுவுமில்லை என்று சோதித்தார்கள். காவல் கூடிய தெருவில் குற்றம் ஓரளவு குறைந்தது. ஆனால் சொத்து சார்ந்த குற்றங்கள் பக்கத்துத் தெருக்களுக்கு நகர்ந்ததற்கான அறிகுறி தெரிந்தது. கொலை, பாலியல் வன்முறை போன்றவை அப்படி நகரவில்லை.

முந்தைய சோதனைகளில் ஏன் இது தென்படவில்லை? இங்கேதான் சற்று நின்று யோசிக்க வேண்டும். ஒரு தெருவில் பத்துத் திருட்டு குறைந்து, அந்தப் பத்தும் சுற்றியுள்ள இருபது தெருக்களுக்குப் போய்விட்டதாக வைத்துக்கொள்வோம். தெருவுக்கு அரைத் திருட்டு. மாதத்துக்கு மாதம் தானாகவே ஏறி இறங்கும் எண்ணிக்கையில் அரைத் திருட்டை யார் கண்டுபிடிப்பது? குறைவு ஓர் இடத்தில் குவிந்திருப்பதால் பளிச்சென்று தெரியும். பெருக்கம் சிதறிக் கிடப்பதால் கண்ணில் படாது. சின்னச் சோதனையில் ‘நகரவில்லை’ என்று எழுதப்பட்டிருந்தால், ‘நகர்ந்ததைப் பார்க்கும் திறன் சோதனைக்கு இல்லை’ என்றும் அதைப் படிக்கலாம்.

மறுபக்கமும் உண்டு. கொஞ்சம் நகர்ந்தாலே எல்லாம் வீண் என்று சொல்வதும் தவறான கணக்கு. பிலடெல்ஃபியாவில் 2009 கோடையில் 60 இடங்களில் இளம் காவலர்களை நடை ரோந்து அனுப்பினார்கள். வன்முறைக் குற்றம் 23 சதவீதம் குறைந்தது. ஒரு பகுதி சுற்றுவட்டாரத்துக்கு நகரவும் செய்தது. அதைக் கழித்த பிறகும் 53 குற்றங்கள் நடக்காமல் போயின. எனக்குக் கவலை தருவது நகர்ந்த பங்கு அல்ல. ரோந்து முடிந்ததும் அந்தப் பலன் நீடிக்கவில்லை என்பதுதான்.

நகர்வதற்கு அவகாசமே கொடுக்காத மூன்றாவது முறை ஒன்று இருக்கிறது. ராஜஸ்தானில் குடித்துவிட்டு வண்டி ஓட்டுபவர்களைப் பிடிக்கும் வாகனத் தணிக்கையில் அதைச் சோதித்தார்கள். சில காவல் நிலையங்களில் தணிக்கை எப்போதும் மிகச் சிறந்த ஒரே இடத்தில். சிலவற்றில் மூன்று இடங்களுக்கிடையே மாறி மாறி. ஒரே இடத்தில் நின்றதால் குறிப்பிடத்தக்க பலன் இல்லை, ஓட்டுநர்கள் கற்றுக்கொண்டு விலகிவிட்டார்கள். மாற்றி மாற்றி நின்ற இடங்களில் இரவு விபத்து 17 சதவீதமும் இரவு மரணம் 25 சதவீதமும் குறைந்தன. வண்டி ஓட்டுபவனுக்கு மாற்றுப் பாதை எப்போதும் இருக்கிறது, எனவே கணிக்க முடியாமை இங்கே பெரிய ஆயுதம். போதைப்பொருள் விற்கும் முனைக்கும் இது இதே அளவு பலிக்குமா என்று கேட்டால், எனக்குச் சந்தேகம்தான்.

நான்காவது, குற்றத்துக்கு வழிவிடும் சூழலையே மாற்றுவது. அமெரிக்காவின் ஜாக்சன்வில்லில் சில இடங்களில் வெறும் கூடுதல் ரோந்தும், சில இடங்களில் அங்குள்ள குறிப்பிட்ட பிரச்சினையைக் கண்டறிந்து சரிசெய்யும் பணியும் ஒரே காலத்தில் நடந்தன. பின்னதில்தான் அடுத்த 90 நாட்களில் தெரு வன்முறை 33 சதவீதம் குறைந்தது. ரோந்து மட்டும் போன இடங்களில் உறுதியாகச் சொல்லும்படி எதுவும் இல்லை. மேற்கு ஜெர்மனியில் 1980இல் தலைக்கவசம் அணியாதவர்களுக்கு அபராதம் விதிக்கத் தொடங்கியபோது யாரும் திருட்டைப் பற்றி நினைக்கவில்லை. ஆனால் தலைக்கவசம் இல்லாமல் திருட்டு மோட்டார் சைக்கிளில் போகிறவன் உடனே கண்ணில் பட்டுவிடுவான் என்பதால், சில ஆண்டுகளில் அந்தத் திருட்டு மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கியது. கார் திருட்டோ சைக்கிள் திருட்டோ அந்த அளவு ஏறவில்லை.

குவிப்புக்கு எதிரான வேறொரு புகார், இடப்பெயர்ச்சியைவிடக் கனமானது: அந்தத் தெருவில் குடியிருப்பவர்கள் தினமும் நிறுத்தி விசாரிக்கப்படுகிறார்கள். டூசான், ஹூஸ்டன், கேம்பிரிட்ஜ் ஆகிய மூன்று அமெரிக்க நகரங்களில் காவலர்களுக்கு மரியாதையாக நடக்கவும் எதிரில் இருப்பவரைப் பேசவிடவும் தனிப் பயிற்சி கொடுத்து அனுப்பினார்கள். குற்றம் குவியும் இடங்களில் பயிற்சி இல்லாதவர்கள் சென்றவற்றோடு ஒப்பிட்டால் கைது 60 சதவீதம் குறைவு, குற்றமும் 14 சதவீதம் குறைவு.

தேர்வு என் கையில் இருந்தால், அடிதடியும் கத்திக்குத்தும் நடக்கும் முனைக்குத் தயங்காமல் காவலரை அனுப்புவேன். பதினைந்து நிமிடத்துக்கு மேல் நிற்கச் சொல்ல மாட்டேன். அணைந்த விளக்குக்கும் ஆளில்லாத கட்டடத்துக்கும் பொறுப்பானவரைத் தேடும் வேலையையும் சேர்த்துக் கொடுப்பேன். செயின் பறிப்பும் வாகனத் திருட்டும் என்றால் நகரும் என்றே வைத்துக்கொண்டு, நேரத்தையும் இடத்தையும் மாற்றிக்கொண்டே இருப்பேன். ‘எங்கள் பகுதியில் இருபது சதவீதம் குறைந்துவிட்டது’ என்று மேசைக்கு வரும் அறிக்கையைச் சுற்றியுள்ள தெருக்களின் கணக்கும், ரோந்து நின்று ஆறு மாதம் கழித்து எடுத்த கணக்கும் இல்லாமல் வாங்கிக்கொள்ள மாட்டேன்.