சேவ் அழுத்தினேன், கோப்பு காலி: வாடகை சர்வர் எடுப்பவர்கள் கவனத்துக்கு

வாடகை சர்வரில் இருக்கும் கோப்பை உங்கள் கணினி எடிட்டரிலேயே திறந்து திருத்துகிறவரா? அப்படியானால் எனக்கு நடந்ததைப் படித்துவிடுங்கள்.

முதலில் எப்போதாவது இணைப்பு அறுந்தது. அப்புறம் சேவ் செய்யும்போதெல்லாம் அறுந்தது. நானும் விடாமல் ரீட்ரை அழுத்தினேன். சர்வர் நிறுவனத்தைக் கேட்டால், "எங்கள் பக்கம் எல்லாம் சரி, உங்கள் நெட்தான் பிரச்சினை" என்றார்கள். ரவுட்டரை மாற்றினேன், பலனில்லை. அடுத்த பதில்: "ரேம் போதவில்லை, மேல் பிளானுக்கு மாறுங்கள்." மாறினேன். அதற்காக சர்வரை ரீபூட் செய்தார்கள், அதில் ஓடிய என் இணையதளம் எழவே இல்லை.

உள்ளே போய்ப் பார்த்தால், தளத்தைப் பரிமாறும் மென்பொருளான என்ஜினெக்ஸின் அமைப்புக் கோப்பு 0 பைட்! எஸ்எஃப்டிபி (சர்வருக்குக் கோப்பு அனுப்பும் முறை) வழியாகச் சேமிக்கும்போது பல எடிட்டர்கள் பழைய கோப்பைக் காலி செய்துவிட்டுத்தான் எழுதத் தொடங்கும். அந்த நொடியில் லைன் போனால் பழையதும் இல்லை, புதியதும் இல்லை. என்ஜினெக்ஸ் பழைய அமைப்பை நினைவில் வைத்து ஓடிக்கொண்டிருந்ததால் ரீபூட் வரை எனக்குத் தெரியவில்லை. முழுக் கோப்பும் என் எடிட்டரில் திறந்துதான் இருந்தது. எரிச்சலில் அதையும் மூடியிருந்தேன்.

'தினசரி பேக்கப் உண்டு' என்று விளம்பரம். உண்டுதான், எடுத்துத் தரத் தனிக் கட்டணமாம்!

கடைசியில் போன் ஹாட்ஸ்பாட்டில் முயன்றேன். உடனே இணைந்தது. வீட்டு நெட்டில் இணையவில்லை, ஆனால் மற்ற தளங்கள் எல்லாம் திறந்தன. அப்படியானால் என் வீட்டு நெட்டின் ஐபி முகவரியைத்தான் யாரோ தடுக்கிறார்கள். சர்வரின் ஃபயர்வாலை (எந்த இணைப்பை உள்ளே விடுவது என்று முடிவு செய்யும் காவல்) பார்த்தேன். சர்வர் நிறுவனமே போட்டுக் கொடுத்த அமைப்பில் போர்ட் 22-க்கு (எஸ்எஸ்எச், அதாவது சர்வருக்குள் தொலைவிலிருந்து பாதுகாப்பாக நுழையும் வழி; எஸ்எஃப்டிபியும் இதில்தான் போகும்) ஒரு வரம்பு: ஒரே முகவரியிலிருந்து 30 நொடிக்குள் 6 இணைப்பு வந்தால் தடை. என் எடிட்டரோ ஒரே நேரத்தில் பல இணைப்புகள் திறக்கும். தடையில் இருக்கும்போது திரும்ப முயன்றால் அந்த முயற்சியும் கணக்கில் சேர்ந்து தடை நீளும். ரீட்ரை அழுத்த அழுத்த நானே பூட்டை இறுக்கியிருக்கிறேன். சும்மா கையைக் கட்டி அரை நிமிடம் உட்கார்ந்திருந்தால் போதும்.

கடவுச்சொல் ஊகிக்கிறவர்களைத் தடுக்க அந்த விதி நல்லதுதான். அதைச் சொல்லாமல் பிளான் விற்றதுதான் எனக்கு ஆத்திரம். ஆதாரத்தோடு எழுதினேன். "தகவலுக்கு நன்றி" என்று டிக்கெட்டை மூடிவிட்டார்கள், பணம் திரும்பவில்லை.

இப்போது என் கணினியின் எஸ்எஸ்எச் அமைப்பில் சர்வர்அலைவ்இன்டர்வல் 60 வைத்திருக்கிறேன் (சர்வர் அமைதியாக இருந்தால் 60 நொடிக்கு ஒருமுறை 'இருக்கிறாயா' என்று கேட்கும்), சும்மா இருக்கும்போது லைன் அறுவது நின்றது. இணைப்பைப் பகிரும் கன்ட்ரோல்மாஸ்டர் என்ற அமைப்பைப் போட்டதால், டெர்மினலில் (கட்டளை தட்டும் திரை) சில ஜன்னல்கள் திறந்தாலும் ஒரே இணைப்புதான். சின்னத் திருத்தம் என்றால், இணைப்பு போனாலும் வேலையை சர்வரிலேயே ஓடவிடும் டிமக்ஸுக்குள் விம் என்ற எடிட்டர். லைன் போனாலும் திரும்ப வந்து ஒட்டிக்கொள்ளலாம். மற்றதெல்லாம் கணினியிலேயே திருத்தி, ஆர்சிங்க் என்ற கோப்பு நகலெடுக்கும் கருவியில் அனுப்புகிறேன். அது வழக்கமாகத் தற்காலிகக் கோப்பில் முழுதாக எழுதிய பிறகுதான் அதன் பெயரை மாற்றிப் பழைய கோப்பின் இடத்தில் வைக்கும்.

புதிதாக சர்வர் எடுப்பவர்கள் பணம் கட்டும் முன், பேக்கப்பை மீட்டுத் தரக் காசு கேட்பார்களா, எஸ்எஸ்எச்சுக்கு என்ன வரம்பு என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.