பத்து நாள் மெத் டீடாக்ஸ் அட்மிஷன்: எது தேறுகிறது, எது தேறவில்லை

மெத்தபெட்டமைன் (மெத், ஐஸ்) பழக்கத்துக்கு ஏழு நாள், பத்து நாள் என்று ‘டீடாக்ஸ்’ அட்மிஷன் தரும் தனியார் மனநல மருத்துவமனைகளும் போதை மறுவாழ்வு மையங்களும் தமிழ்நாட்டில் இருக்கின்றன. இங்கே எழுதுவது எந்த ஒரு மருத்துவமனையையும் குறித்து அல்ல. இந்தச் சேவையையே மதிப்பிட்டு எழுதுகிறோம். வீட்டில் ஒருவரைச் சேர்ப்பதா வேண்டாமா என்று ராத்திரி உட்கார்ந்து தேடிக்கொண்டிருக்கும் குடும்பங்களுக்குப் பயன்பட வேண்டும், அவ்வளவுதான்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். கண்காணிப்புக்காகச் சேர்த்தால் இது தேவையான செலவு. மருந்துக்காகச் சேர்த்தால் ஏமாற்றம்தான். குடிக்கு லோராசெபம், குளோர்டயசெபாக்சைடு இருக்கின்றன. ஹெராயினுக்கு பூப்ரினார்ஃபின் இருக்கிறது. மெத்துக்கு அப்படிப் பிடித்து நிறுத்தும் மருந்து இன்றுவரை இல்லை. ‘ஐஸுக்குன்னே ஸ்பெஷல் மருந்து வச்சிருக்கோம்’ என்று யாராவது சொன்னால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளலாம்.

பில்லில் கனமாக நிற்கும் இன்னொன்று டிரிப். வைட்டமின், குளுட்டதயோன் என்று பாட்டில் பாட்டிலாக ஏற்றி, ‘ரத்தத்தைச் சுத்தம் பண்றோம்’ என்பார்கள். மெத்தின் அரை ஆயுள், அதாவது ரத்தத்தில் அதன் அளவு பாதியாகக் குறையும் நேரம், சுமார் 10 மணி நேரம். ஈரலும் சிறுநீரகமும் தாமாகவே அதை வெளியேற்றிவிடும். சிறுநீர்ப் பரிசோதனையில் பெரும்பாலும் 2 முதல் 4 நாள் வரை தெரியும், நிறைய எடுத்தவர்களுக்கு ஒரு வாரம் வரை போகலாம். டிரிப்பால் இந்தக் கணக்கு மாறாது. தண்ணீர்கூடக் குடிக்க முடியாமல் வறண்டு வருபவருக்கு சலைன் தேவைதான். மற்றவருக்கு அது பில்லை ஏற்ற மட்டும் உதவும். சிறுநீரை அமிலமாக்கி மெத்தை வேகமாக வெளியேற்றும் பழைய முறையை ஒரு காலத்தில் செய்தார்கள். தசை சிதைந்திருக்கும் நோயாளிக்கு அது சிறுநீரகத்தையே கெடுக்கும் என்பதால் இப்போது கைவிட்டுவிட்டார்கள். இன்னமும் அதைச் சொல்லும் இடம் இருந்தால் தவிர்த்துவிடுங்கள்.

சரி, எதற்குக் காசு தகும்? கடைசியாக எடுத்த 24 மணி நேரத்துக்குள் ஆள் சரிகிறார். நாள்கணக்கில் தூங்காத உடம்பு ஒரேயடியாகத் தூங்கும். எழுந்தால் அகோரப் பசி. கெட்ட கனவுகள், அசதி, எதிலும் பிடிப்பில்லாத மனச்சோர்வு, எரிச்சல். இந்தக் கடுமையான கட்டம் சுமார் 7 முதல் 10 நாள். அதன்பின் குறைந்தது இன்னொரு 2 வாரம் மந்தமாக இழுக்கும். குடியை நிறுத்தும்போது வரும் வலிப்பு, நடுக்கம் இதில் வராது. அதனால் ‘மெத்தை விட்டால் உயிருக்கு ஆபத்தில்லை’ என்று சில இடங்களில் அலட்சியமாக விட்டுவிடுகிறார்கள். ஆபத்து தற்கொலை எண்ணத்தில் இருக்கிறது. நல்ல வார்டுக்கும் வெறும் கட்டில் வாடகைக்கும் உள்ள வித்தியாசம் இந்த இடத்தில்தான் தெரியும்.

பார்க்கப் போனால் சில விஷயங்களை நேரில் கவனியுங்கள். பாத்ரூம் கதவை வெளியிலிருந்து திறக்க முடிகிறதா? மின்விசிறி, ஜன்னல் கம்பி, ஷவர் கம்பி எதிலாவது துணி கட்டித் தொங்க முடியுமா? ராத்திரி 2 மணிக்கு யார் ரவுண்ட்ஸ் வருகிறார்கள் என்று நர்ஸிடமே கேளுங்கள். முதல் நாலைந்து நாளுக்கு ஏசி தனி அறையைவிட நர்ஸ் மேஜைக்கு எதிரே உள்ள பொதுக் கட்டில் மேல் என்பது எங்கள் உறுதியான கருத்து. மருத்துவமனையே தனி அறையை வற்புறுத்தினால், உடன் இருக்க ஆள் போடுகிறார்களா என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

தூங்குபவரைத் தூங்க விடுவதுதான் வைத்தியம். ஆனால் தூக்கம் என்று சும்மா விட்டுவிடக் கூடாது. நாடி, ரத்த அழுத்தம், காய்ச்சல், மூச்சு நான்கையும் முதல் 2 நாள் 4 மணி நேரத்துக்கு ஒரு முறை எழுதும் சார்ட் கட்டில் காலில் தொங்க வேண்டும். எழுப்பித் தண்ணீர் கொடுக்க வேண்டும். மாதக்கணக்கில் சரியாகச் சாப்பிடாமல் எலும்பும் தோலுமாக வந்தவருக்கு முதல் நாளே பிரியாணி வாங்கிக் கொடுக்கும் குடும்பங்கள் உண்டு, அன்புதான். அப்படிப்பட்ட உடம்பில் திடீரென்று மாவுச்சத்து ஏறும்போது பாஸ்பேட், பொட்டாசியம் சரிந்து இதயத் துடிப்பு தடுமாறலாம். தயிர்சாதம், முட்டை, வாழைப்பழம் என்று கொஞ்சம் கொஞ்சமாக, ஒரு நாளைக்கு 5, 6 தடவையாகக் கொடுத்து, ரத்தத்தில் இந்த உப்புகளைப் பார்த்துக்கொண்டே கூட்டுவதுதான் முறை. டயட்டீஷியன் பெயர் பலகையில் இருந்தால் போதாது, தட்டில் என்ன வருகிறது என்று பாருங்கள்.

சேரும் அன்று என்னென்ன பரிசோதனை செய்கிறார்கள் என்பதை வைத்து அந்த இடத்தின் தரத்தைப் பெரும்பாலும் எடை போட்டுவிடலாம். ஈசிஜி கட்டாயம். மெத் இதயத்தை அடிக்கும், பிறகு கொடுக்கப்போகும் ஹாலோபெரிடால் போன்ற மனநோய் மருந்து ஈசிஜியில் கியூடி இடைவெளியை நீட்டும், அது அதிகம் நீண்டால் இதயத் துடிப்பு தடுமாறலாம். நெஞ்சு வலி என்றால் இதயப் பாதிப்பைக் காட்டும் டிரோபோனின். தசைச் சிதைவைக் காட்டும் சிபிகே, சிறுநீரகத்துக்கு கிரியேட்டினின், சோடியம், பொட்டாசியம், சர்க்கரை. பெண்கள் என்றால் கர்ப்பப் பரிசோதனை. ஊசி போட்டுக்கொள்பவர் என்றால் எச்ஐவி, ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி. மெத் எடுத்துக்கொண்டு உடலுறவு வைக்கும் வழக்கம் இருந்தால் சிபிலிஸும் சேர வேண்டும். ஆபத்தான தொடர்பு நடந்து 72 மணி நேரம் தாண்டவில்லை என்றால் எச்ஐவி தடுப்பு மருந்தை உடனே தொடங்கி 28 நாள் கொடுக்கலாம். இந்தக் கேள்வியை அப்பா அம்மாவை வெளியே அனுப்பிவிட்டு, தனியாகக் கேட்க வேண்டும். குடும்பத்தை உட்கார வைத்துக்கொண்டே கேட்கும் டாக்டருக்கு உண்மையான பதில் கிடைக்காது.

சிறுநீர் கார்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சண்டைகள் பாதி இதில்தான் தொடங்குகின்றன. கார்டில் சி என்ற இடத்தில் கோடு வந்தால் கார்டு வேலை செய்கிறது என்று பொருள். டி என்ற இடத்தில் கோடு வந்தால் நெகட்டிவ், வராவிட்டால் பாசிட்டிவ். கர்ப்பப் பரிசோதனைக் கார்டுக்கு நேர் எதிர். மங்கலான கோடும் கோடுதான், அது நெகட்டிவ். சாம்பிள் உடனே எடுத்ததா என்று பார்க்க, கப்பின் வெப்பம் 4 நிமிடத்துக்குள் 32 முதல் 38 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். சளி மாத்திரையில் இருக்கும் சூடோஎபெட்ரின், வாந்திக்குக் கொடுக்கும் புரோமெதசின், மனச்சோர்வுக்குக் கொடுக்கும் புப்ரோபியான், ரத்த அழுத்தத்துக்கான லாபெட்டலால் ஆகியவை கார்டைப் பொய்யாகப் பாசிட்டிவ் காட்ட வைக்கலாம். ஒரு கார்டை வைத்து ‘மறுபடி எடுத்துட்டான்’ என்று முடிவு கட்டும் மையத்தை நம்ப வேண்டாம். சந்தேகம் என்றால், எந்தப் பொருள் என்று துல்லியமாகக் காட்டும் மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி வசதியுள்ள லேபுக்கு அனுப்ப வேண்டும்.

போதை இறங்காமலே, கத்திக்கொண்டும் பயந்துகொண்டும் வருபவர்களுக்கு முதலில் வேண்டியது அமைதியான அறை, ஒரே ஒரு ஆள் மெதுவாகப் பேசுவது. அதற்கு மேல் லோராசெபம் 2 மில்லிகிராம் அல்லது டயசெபாம் 10 மில்லிகிராம் அளவில் தொடங்கி, யாரோ துரத்துகிறார்கள், காதில் குரல் கேட்கிறது என்ற நிலை இருந்தால் ஓலான்சபின் 5 முதல் 10 மில்லிகிராம் என்று மனநல மருத்துவர் போவார். இந்தச் சந்தேக நோய் பெரும்பாலோருக்குச் சில நாளில் தணியும். ஒரு மாதத்துக்கு மேலும் நீடித்தால் தனி மனநோயாக இருக்குமா என்று மறுபடி ஆராய வேண்டும். அதற்குள் ‘ஸ்கிசோஃப்ரினியா’ என்று எழுதிவிடுவது அவசரம். டயசெபாம் வகையை ஒரு வாரத்துக்குள் குறைத்து நிறுத்தாமல் டிஸ்சார்ஜ் சீட்டிலும் ஒரு மாதத்துக்கு எழுதித் தருவது அதைவிடப் பெரிய பிழை. இன்னொரு பழக்கத்தைக் கையில் கொடுத்து அனுப்புவதுதான் அது.

காய்ச்சல் 104 டிகிரியைத் தொட்டால், அல்லது சிறுநீர் டீ டிகாஷன் நிறத்தில் போனால், மனநல வார்டில் வைத்திருக்கவே கூடாது. தசை இயக்கத்தால் ஏறும் சூடு பாராசிட்டமாலுக்கு அடங்காது. ஐசியூவில் உடம்பைக் குளிர்விக்க வேண்டும், சலைன் ஏற்ற வேண்டும். அந்த நேரத்தில் கட்டிலோடு கட்டிப்போட்டால், திமிறத் திமிறத் தசை இன்னும் சிதைந்து சிறுநீரகம் அடிவாங்கும். எனவே சேர்க்கும் முன் கேளுங்கள்: ஐசியூ இதே கட்டடத்தில் இருக்கிறதா, இல்லையென்றால் எந்த மருத்துவமனைக்கு, எத்தனை நிமிடத்தில்?

இந்தச் சேவை அதிகம் சறுக்குவது கலந்து எடுத்தவர்களிடம். மெத் என்று சொல்லி வருபவர் ராத்திரி தூங்க நைட்ரசெபாமும், மெத் போதை இறங்க டபென்டடால் என்ற ஓபியாய்டு (ஹெராயின் வகை) வலி மாத்திரையும், கூடவே குடியும் வைத்திருக்கலாம். மெத் கதையை மட்டும் கேட்டுத் தூங்க விட்டால், ஓரிரு நாளில் குடியை நிறுத்தியதால் வலிப்பு வரலாம், அல்லது ஓபியாய்டு நின்று வாந்தியும் பேதியும் உடம்பு வலியுமாக ஆள் எழுந்து வீட்டுக்குப் போய்விடுவார். சேரும்போதே பல வகைப் போதைக்குமான சிறுநீர்ப் பரிசோதனை, கடைசியாகக் குடித்த நேரம், மாத்திரை அட்டையின் போட்டோ இவ்வளவும் வேண்டும். குடும்பத்தார் அலமாரியில் கிடைத்த காலி அட்டைகளைத் தூக்கிப் போடாமல் கையோடு கொண்டுபோங்கள். குடிப்பவருக்கு குளுக்கோஸ் ஏற்றும் முன் தயமின் (வைட்டமின் பி1) போட வேண்டும் என்பதையும் நினைவூட்டலாம், தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

சட்டப் பக்கம் சுருக்கமாக. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின்படி மது, போதைப் பழக்கத்தோடு வரும் மனநிலைகளும் மனநோய்க்குள் அடங்கும். எனவே மையம் மாநில மனநல ஆணையத்தில் பதிவாகியிருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேளுங்கள். விருப்பத்தோடு சேர்ந்தவர் போகிறேன் என்றால் விட வேண்டும், மதிப்பீட்டுக்காக 24 மணி நேரம் மட்டும் நிறுத்தி வைக்கலாம். விருப்பமில்லாதவரை 89ஆம் பிரிவில் சேர்க்க, நியமனப் பிரதிநிதியின் (நோயாளியின் சார்பில் செயல்பட நியமிக்கப்பட்டவரின்) விண்ணப்பமும் இரண்டு பேர் தனித்தனியே செய்த பரிசோதனையும் வேண்டும்; உச்சவரம்பு 30 நாள். சங்கிலி போடுவது குற்றம். வேனில் நாலு பேரை அனுப்பி வீட்டிலிருந்தே தூக்கிப் போகிறோம் என்னும் மையத்துக்கு எந்த நிலையிலும் பிள்ளையை ஒப்படைக்காதீர்கள். போலீஸ் வழக்கு பயம் உள்ளவர்களுக்கு ஒன்று: போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவு, தாமாக முன்வந்து சிகிச்சை பெறுபவருக்குச் சிறு அளவு, உபயோக வழக்குகளிலிருந்து பாதுகாப்புத் தருகிறது. மெத்துக்குச் சிறு அளவு என்பது 2 கிராம் வரை. ஆனால் அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த இடத்தில் சிகிச்சையை முழுதாக முடிக்க வேண்டும். பதிவில்லாத மையத்தின் சீட்டு அங்கே கைகொடுக்காது.

எங்கள் பெரிய குறை டிஸ்சார்ஜ் நாளைப் பற்றியது. எட்டு, பத்தாம் நாளில் தூக்கமும் பசியும் ஒழுங்காகி, முகம் தெளிந்து, ‘நல்லாத்தானே இருக்கான்’ என்று வீட்டுக்கு அனுப்புகிறார்கள். அசதி விலகி உடம்பில் தெம்பு வரும் அதே சமயத்தில்தான் ஏக்கமும் தலைதூக்கும், கையில் போன் திரும்ப வந்திருக்கும். முதல் ஓபி தேதி டிஸ்சார்ஜ் ஆன 3 நாளுக்குள் இல்லை என்றால், பத்து நாள் செலவில் பாதி வீண். மெத்துக்கு இதுவரை நன்றாக வேலை செய்வதாகத் தெரிந்த சிகிச்சை வெகுமதி முறை: வாரம் 2 முறை சிறுநீர்ப் பரிசோதனை, நெகட்டிவ் வந்தால் அங்கேயே ஒரு வவுச்சர், தொடர்ந்து நெகட்டிவ் என்றால் தொகை ஏறும், பாசிட்டிவ் என்றால் திட்டாமல் ஆரம்பத் தொகைக்குத் திரும்பும். கலிஃபோர்னியா 2023இல் இதை அரசுக் காப்பீட்டுத் திட்டத்திலேயே கொண்டுவந்தது. 24 வாரம், ஆண்டுக்கு அதிகபட்சம் 599 டாலர். நம் பேக்கேஜ்களில் கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் இருக்காது. டாக்டரோடு பேசி, ரொக்கமாக இல்லாமல் ரீசார்ஜ், மளிகை வவுச்சர் என்று குடும்பமே ஏற்பாடு செய்யலாம்.

டீடாக்ஸுக்கு மருந்து இல்லை என்றாலும், அதன்பின் திரும்ப எடுக்காமலிருக்க உதவும் மருந்துக் கூட்டணி ஒன்று உண்டு. 2021இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்த ஆய்வில் 3 வாரத்துக்கு ஒரு நால்ட்ரெக்ஸோன் (ஓபியாய்டின் வேலையைத் தடுக்கும் மருந்து) ஊசியும் தினம் 450 மில்லிகிராம் புப்ரோபியானும் கொடுத்தார்கள். பலன் கண்டவர்கள் 13.6 சதவீதம்; ஒப்பீட்டுக்காக மருந்தே இல்லாத ஊசியும் மாத்திரையும் (பிளாசிபோ) எடுத்தவர்களில் 2.5 சதவீதம். சிறிய பலன், ஆனாலும் பலன். அங்கே கொடுத்தது ஊசி. நால்ட்ரெக்ஸோன் மாத்திரையைத் தந்துவிட்டு அதே பலனை எதிர்பார்க்க முடியாது. வலிப்பு உள்ளவருக்கும், குடியைத் திடீரென்று நிறுத்தியவருக்கும் புப்ரோபியான் கூடாது. டபென்டடால், ஹெராயின் உடம்பில் இருக்கும்போது நால்ட்ரெக்ஸோன் போட்டால், போதை திடீரென்று நின்றதுபோல் வாந்தி, பேதி, உடம்பு வலி என்று கடும் விலகல் உபாதை வரும்.

பணம் கட்டும் முன் காப்பீட்டு பாலிசியில் ‘எக்ஸ்க்ளூஷன் 12’ இருக்கிறதா என்று பாருங்கள். போதைப் பழக்கச் சிகிச்சையை விலக்கும் பொது விதி அது, பல பாலிசிகளில் இருக்கும். கட்ட முடியாதவர்கள் கந்துவட்டிக்குப் போக வேண்டாம். கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையிலும், அரசு மருத்துவக் கல்லூரிகளின் மனநலப் பிரிவுகளிலும் இதே பரிசோதனையும் இதே மருந்தும் கிடைக்கும். இடநெருக்கடி உண்டு, கூட ஒருவர் இருக்க வேண்டியிருக்கும். தற்கொலை எண்ணம், சந்தேக நோய், நெஞ்சு வலி, கலப்புப் போதை எதுவும் இல்லாமல், வீட்டில் விழித்திருந்து பார்த்துக்கொள்ள ஆளும் இருந்தால் அட்மிஷனே தேவைப்படாமல் ஓபியில் முடியும். எந்த மாவட்டத்தில் எந்த இடம் என்று கேட்க தேசிய போதை மீட்பு உதவி எண் 14446. ராத்திரியில் தற்கொலைப் பேச்சு வந்தால் டெலி மானஸ் 14416.