கார் ஏசி குளிரவில்லை: கேஸ் மட்டும் நிரப்புவதா, லீக்கைச் சரிசெய்வதா?

கத்திரி வெயிலில் ஏசி வெறும் காற்றாக வீசினால், பலருக்கும் வரும் குழப்பம் இது.

செலவு: கேஸ் மட்டும் என்றால் குறைவு. லீக் வேலையில், கசிவது ஓ-ரிங் (பைப் இணைப்பில் இருக்கும் ரப்பர் வளையம்) என்றால் தப்பித்தோம். கூலிங் காயில் (உள்ளே வரும் காற்றைக் குளிர்விக்கும் பாகம்) என்றால் பல வண்டிகளில் டேஷ்போர்டையே கழற்ற வேண்டிவரும்.

நேரம்: கேஸ் நிரப்புவது சீக்கிரம் முடியும். லீக் வேலைக்கு வண்டியை விட்டுவர வேண்டும்.

எவ்வளவு நாள் தாங்கும்: ஏசி கேஸ் பெட்ரோல் மாதிரி எரிந்து தீராது. குறைந்தால் எங்கோ கசிகிறது. கூடவே கம்ப்ரசர் ஆயிலும் போகும். பைப் இணைப்பில் எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் ஒட்டியிருந்தால் முதல் சந்தேகம் அங்கேதான்.

பல வருடம் ஓடிய வண்டியில் முதல்முறை குறைந்திருந்தால் நிரப்பிப் பார்க்கலாம். அதே கோடையில் மறுபடி போனால் லீக் வேலைதான் சரி. சிக்னலில் நிற்கும்போது மட்டும் குளிர் குறைகிறதா? அப்படியானால் முதலில் கண்டென்சர் ஃபேனைப் (ஏசியின் சூட்டை வெளியேற்ற உதவும் விசிறி) பாருங்கள்.