கல்லூரி, உதவி இயக்குநர் வேலை, குறும்படம், திரைக்கதை: எந்த வழியில் கையில் என்ன மிஞ்சும்?

படம் எடுக்க வேண்டும், திரைக்கதை எழுத வேண்டும் என்று கிளம்புகிறவர்கள் முதலில் கேட்பது "எந்த வழி சீக்கிரம்?" என்பதைத்தான். எல்லா வழியும் தாமதம்தான். அதனால் கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ளலாம். நான்கு வருடம் கழித்து ஒரு தயாரிப்பாளர் முன்னால் போய் உட்காரும்போது, மேசைமேல் எடுத்து வைக்க என்ன இருக்கும்?

திரைப்படக் கல்லூரியை முதலில் பார்ப்போம். லென்ஸ், ஒளியமைப்பு, எடிட்டிங் எல்லாம் இன்று வெளியிலேயே கற்றுக்கொள்ளலாம். வெளியில் சுலபமாகக் கிடைக்காதவை இரண்டு. தப்பு செய்துபார்க்க ஒரு இடம், தப்பைச் சுட்டிக்காட்ட நாலு பேர். 1919இல் மாஸ்கோவில் தொடங்கிய கல்லூரியில் ஃபிலிமுக்கே பஞ்சம். அங்கே பாடம் நடத்திய இயக்குநர் லெவ் குலஷோவும் மாணவர்களும் பழைய படத்துண்டுகளை வெட்டி ஒட்டிப் பார்த்தார்கள். அதே முகத்தை வெவ்வேறு ஷாட்டுகளுக்குப் பக்கத்தில் வைத்தால், அதில் வெவ்வேறு உணர்ச்சி தெரிவதாகப் பார்ப்பவர்கள் நினைக்கிறார்கள் என்ற பாடம் அப்படித்தான் கிடைத்தது. வேலைக்குப் போன இடத்தில் இந்த விளையாட்டுக்கு யார் நேரம் தருவார்கள்?

கூடப் படிப்பவர்கள் அதைவிடப் பெரிய லாபம். இயக்குநர் மார்ட்டின் ஸ்கார்செஸியும் எடிட்டர் தெல்மா ஸ்கூன்மேக்கரும் 1960களில் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் சந்தித்தவர்கள். 1980இலிருந்து ஸ்கார்செஸியின் கதைப்படங்கள் எல்லாவற்றுக்கும் எடிட்டர் தெல்மாதான். ஆகவே கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டடத்தையும் கேமராக்களின் எண்ணிக்கையையும் பார்க்காதீர்கள். போன வருடம் முடித்த மாணவர்களின் படங்களைப் பாருங்கள். ஒவ்வொரு மாணவரும் எத்தனை படம் இயக்கினார், கல்லூரியில் எடுக்கும் படத்தின் உரிமை யாருக்கு என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு மழுப்பினால் யோசிக்க வேண்டியதுதான்.

ஆனால் பட்டம் வேலை வாங்கித் தராது. இயக்குநர் ஆங் லீ அதே நியூயார்க் பல்கலைக்கழகத்தில் 1984இல் படிப்பை முடித்தார். அப்புறம் ஆறு வருடம் படமே இல்லை. மனைவி சம்பாதித்தார், இவர் வீட்டையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டு எழுதினார். 1990இல் தைவான் அரசு நடத்திய திரைக்கதைப் போட்டிக்கு இரண்டு கதைகளை அனுப்ப, முதல் பரிசு, இரண்டாம் பரிசு இரண்டும் அவருக்கே வந்தன. முதல் பரிசு வாங்கிய கதையே அவருடைய முதல் படமானது. கல்லூரியில் கற்றதெல்லாம் அந்தப் படத்தை எடுக்க உதவியிருக்கும், சரி. எடுக்கும் வாய்ப்பைக் கொண்டுவந்தது அந்தக் காகிதங்கள்.

உதவி இயக்குநர் வழிக்கு வந்தால், முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். ஒரே பெயரில் உலகத்தில் இரண்டு வேலைகள் இருக்கின்றன. ஹாலிவுட் முறையில் உதவி இயக்குநர் என்பவர் படப்பிடிப்பின் நேரத்தையும் ஒழுங்கையும் நிர்வகிப்பவர். அந்தப் படிக்கட்டு பெரும்பாலும் தயாரிப்பு நிர்வாகத்தில் போய் முடியும், இயக்குநர் நாற்காலியில் அல்ல. பழைய ஜப்பானிய ஸ்டூடியோ முறையில் அது குருகுலம். இயக்குநரோடு கதை விவாதம் முதல் எடிட்டிங் வரை கூடவே இருப்பார்கள். நீங்கள் சேரப்போகும் இடத்தில் இதில் எது நடக்கிறது என்று தெரியாமல் சேர்ந்தால், ஐந்து வருடம் கழித்துத்தான் விஷயம் புரியும்.

குருகுலமாக அமைந்தால் இதற்கு ஈடான படிப்பு இல்லை என்பேன். வெளிச்சம் போகப்போகிறது, நடிகர் அரை மணி நேரத்தில் கிளம்புகிறார், ஆறு ஷாட் பாக்கி. எந்த மூன்றை விடலாம்? இந்த முடிவை ஒருவர் எடுப்பதைப் பக்கத்தில் நின்று நூறு தடவை பார்ப்பதற்குப் பெயர்தான் பயிற்சி. கன்டினியூட்டி, அதாவது ஒரு ஷாட்டுக்கும் அடுத்த ஷாட்டுக்கும் உடை, பொருள், அசைவு எல்லாம் பொருந்துவதற்கான குறிப்பு, எழுதுகிறவருக்கு இன்னொரு லாபமும் உண்டு. கதை வரிசையில் எடுக்காத காட்சிகளை வரிசையில் மனசுக்குள் ஓட்டிப் பார்க்கும் பழக்கம் வந்துவிடும். எடிட்டிங் அறையில் அது கை கொடுக்கும்.

ஜப்பானிய இயக்குநர் அகிரா குரோசாவா இப்படி வந்தவர். 1936இல் ஸ்டூடியோவில் உதவி இயக்குநராகச் சேர்ந்தார், முதல் படம் 1943இல். குருவாக அமைந்த கஜிரோ யமமோட்டோ, இயக்குநராக வேண்டுமானால் திரைக்கதை எழுது என்று வற்புறுத்தினார். படப்பிடிப்பின் அலைச்சலுக்கு நடுவே எப்படி எழுதினார் என்பதைக் குரோசாவாவே சொல்லியிருக்கிறார்: நாளுக்கு ஒரு பக்கம் எழுதினாலும் வருடத்துக்கு 365 பக்கம். இந்த வழியில் வருகிறவர்களில் பலர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். அலைச்சல் அப்படி, இரவு படுத்தால் எழுந்திருப்பதே அடுத்த நாள் படப்பிடிப்புக்கு. ஐந்து படத்தில் வேலை பார்த்திருப்பார்கள், சொந்தமாக ஒரு சீன்கூட எழுதியிருக்க மாட்டார்கள். தயாரிப்பாளர் "என்ன கதை வைத்திருக்கிறாய்?" என்று கேட்கும் நாளில், பெயர் பட்டியலில் தன் பெயர் வந்த ஐந்து படங்களைச் சொல்வார்கள். அவர் அதைக் கேட்கவில்லையே.

சொந்தமாக எடுப்பது மூன்றாவது வழி. இதில்தான் புராணக்கதைகள் அதிகம். ராபர்ட் ரோட்ரிகஸ் ஏறத்தாழ 7,000 டாலரில் 'எல் மரியாச்சி'யை எடுத்தார் என்பது உண்மை. அதைத் திரையரங்குக்குக் கொண்டுவர விநியோக நிறுவனம் அதைப்போலப் பல மடங்கு செலவழித்தது என்பதும் உண்மை, அதை யாரும் சொல்வதில்லை. 2015இல் வந்த 'டேஞ்சரின்' ஐபோனில் எடுத்த படம் என்று எல்லாருக்கும் தெரியும். அதன் இயக்குநர் ஷான் பேக்கர் அதற்கு முன்பே பல படங்கள் எடுத்தவர் என்பதும், போனில் எடுத்தாலும் ஒலிப்பதிவுக்குத் தனிக் கருவிகள் வைத்திருந்தார் என்பதும் அந்தக் கதையில் விட்டுப்போகும். படம் கொஞ்சம் மங்கலாக இருந்தால் பார்ப்பவர்கள் பொறுத்துக்கொள்வார்கள். வசனம் புரியாவிட்டால் எழுந்து போய்விடுவார்கள். காசு குறைவென்றால் கேமராவில் குறையுங்கள், மைக்கில் குறைக்காதீர்கள்.

பின்பற்றத்தக்க முன்மாதிரி என்று எனக்குப் படுவது கிறிஸ்டோபர் நோலனின் முதல் படம். 1998இல் வந்த 'ஃபாலோயிங்', கறுப்பு வெள்ளையில், 16 எம்எம் ஃபிலிமில் எடுத்தது. நடித்தவர்கள், உழைத்தவர்கள் எல்லாருக்கும் வேறு வேலை இருந்ததால் சனிக்கிழமைகளில் மட்டும் எடுத்து, முடிக்க ஒரு வருடம் போல ஆனது. ஃபிலிம் வீணாகக் கூடாது என்று நாடகம் போல ஒத்திகை பார்த்து, ஒன்றிரண்டு டேக்கில் முடித்தார்கள். யாரும் வேலையை விடவில்லை, யாரும் கடனாளி ஆகவில்லை. இந்த வழியின் பெரிய அபாயமே வீட்டு நகையையும் நண்பர்களின் பொறுமையையும் ஒரே படத்தில் தீர்த்துவிடுவதுதான்.

குறும்படம் எடுப்பவர்களுக்கு ஒன்று. ஆஸ்கர் விதிப்படி 40 நிமிடம் வரை குறும்படம்தான். ஆனால் முதல் படத்தைப் பத்து நிமிடத்துக்குள் முடியுங்கள். விழாக்களில் ஒரு நிகழ்ச்சிக்குள் பல படங்களை அடுக்க வேண்டும். நீளமான படம் நாலு பேருடைய இடத்தை அடைத்துக்கொள்ளும் என்பதால், ரொம்ப நன்றாக இருந்தால்தான் எடுப்பார்கள். அப்புறம், முப்பது நிமிடக் குறும்படங்கள் பெரும்பாலும் வெட்ட மனம் வராத பன்னிரண்டு நிமிடப் படங்கள்.

விளம்பரப் படம், ஒளிப்பதிவு, எடிட்டிங் வழியாக வந்தவர்களும் உண்டு. டேவிட் லீன் எடிட்டராக இருந்தவர், ரிட்லி ஸ்காட் விளம்பரங்களிலிருந்து வந்து 39 வயதில் முதல் படத்தைத் தந்தவர். வயிற்றுப்பாட்டுக்கு இது நல்ல ஏற்பாடு. ஆனால் இயக்குநர் ஆவதற்காக எடிட்டிங் கற்கிறேன் என்பவர்களைவிட, எடிட்டிங்கே பிடித்துப் போய்ச் செய்தவர்கள்தான் இந்த வழியில் தேறுகிறார்கள்.

மிச்சம் இருப்பது எழுத்து. மற்ற வழிகளோடு ஒப்பிட்டால் செலவு இல்லை, யார் அனுமதியும் தேவையில்லை, தோற்றாலும் யாருக்கும் தெரியாது. அந்தக் கடைசி வசதியே இதன் சாபம், முடிக்காமலே வருடங்களை ஓட்டலாம். ஆங்கிலத் திரைக்கதையில் கூரியர் என்ற எழுத்துருவில், 12 புள்ளி அளவில், ஒரு பக்கம் ஒரு நிமிடம் என்று கணக்கு வைத்து, 90 முதல் 120 பக்கம் எழுதுகிறார்கள். மற்ற மொழிகளுக்கும் எழுத்துருக்களுக்கும் அந்தக் கணக்கை அப்படியே நம்ப வேண்டாம். வசனத்தை வாய்விட்டுப் படித்து, கடிகாரம் வைத்துப் பார்ப்பதே உத்தமம்.

கதை திருடுபோகுமோ என்று பயந்து யாரிடமும் காட்டாதவர்களுக்கு: ஒருவரிக் கதைக்குப் பதிப்புரிமை கிடையாது, எழுதி முடித்த வடிவத்துக்கு உண்டு. பதிப்புரிமைக்காக 1886இல் உருவான பெர்ன் உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகளில் அந்த உரிமை, பதிவு செய்யாவிட்டாலும் எழுதியவருக்கே. பதிவு செய்து வைத்தால் நிரூபிக்கச் சுலபம். வாயால் சொன்ன கதையைவிட எழுதி, தேதியோடு மின்னஞ்சலில் அனுப்பிய கதைக்குப் பாதுகாப்பு அதிகம்.

எனவே என்னைக் கேட்டால், குடும்பத்துக்கு மாதச் சம்பளம் தேவைப்படுகிறவர் இருக்கும் வேலையை விடாமல் எழுதலாம், சனிக்கிழமைகளில் எடுக்கலாம். இருபத்திரண்டு வயது, பொறுப்பு ஏதும் இல்லை, நல்ல இயக்குநர் ஒருவர் சேர்த்துக்கொள்கிறார் என்றால் உதவி இயக்குநராகப் போகலாம், நாளுக்கு ஒரு பக்கம் என்ற நிபந்தனையோடு. சினிமா பற்றிப் பேசக்கூட ஆளில்லாதவருக்குக் கல்லூரி. கடன் வாங்கித்தான் சேர முடியும் என்றால் அதே பணத்தில் எத்தனை குறும்படம் எடுக்கலாம் என்று ஒருமுறை கணக்குப் போட்டுவிட்டுச் சேரட்டும்.

எந்த வழியில் போனாலும் ஒருநாள் திரைக்கதைக்கு யாராவது கொஞ்சம் முன்பணம் தருவார்கள். பல நேரம் அது விலை அல்ல, குறிப்பிட்ட காலத்துக்குக் கதையை வேறு யாருக்கும் தராமல் வைத்திருப்பதற்கான கட்டணம். எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால், அந்தக் காலம் எந்தத் தேதியில் முடிகிறது, படம் தொடங்காவிட்டால் கதை என்னிடமே திரும்பி வருமா என்று கேளுங்கள். இரண்டுக்கும் பதில் ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்கிறதா என்று பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.