தூரக் கணக்கு சரி, நேரக் கணக்குதான் உதைக்கிறது

இரண்டு ஊர்ப் பெயர்களைக் கொடுத்தால் அவற்றுக்கு இடையிலான வான்வழித் தூரத்தையும் பயண நேரத்தையும் காட்டும் இணையச் சேவைகள் பல உண்டு. மேலப்பாளையத்திலும் கடையநல்லூரிலும் வளைகுடாவில் வேலை பார்ப்பவர் இல்லாத தெருவைக் காண்பது அரிது என்பதால், அத்தகைய சேவை ஒன்றை நெல்லைப் பயணியின் தேவையை மனத்தில் கொண்டு சோதித்துப் பார்த்தேன்.

தூரத்தில் குறை சொல்ல இடமில்லை. திருவனந்தபுரத்திலிருந்து துபாய் ஏறத்தாழ 2,950 கி.மீ., சென்னையிலிருந்து லண்டன் 8,200 கி.மீ.க்குச் சற்று மேல் என்று அது தரும் கணக்கு, பூமியின் உருண்டை வடிவத்தைக் கருத்தில் கொண்ட மிகக் குறுகிய வழியின் நீளமாகும். சென்னையிலிருந்து நியூயார்க்குக்கான கோடு ஆர்க்டிக் வட்டம் வரை ஏறி இறங்குவதைப் படத்தில் வரைந்தே காட்டியிருப்பது பாராட்டத்தக்கது.

நேரம் என்று வரும்போது நம்பகம் குறைகிறது. எல்லா விமானத்துக்கும் ஒரே வேகத்தை வைத்துக் கணக்கிடுவதால், சுமார் 530 கி.மீ. தொலைவுள்ள வாகைக்குளம் (தூத்துக்குடி விமான நிலையம்)–சென்னைத் தடத்துக்கு நாற்பது நிமிடம் போதும் என்கிறது. மணிக்கு 500 கி.மீ. அளவில் பறக்கும், சுழல்விசிறி கொண்ட சிறிய ஏடிஆர் வகை விமானம் அத்தடத்தில் ஒன்றரை மணி நேரம் எடுத்துக்கொள்கிறது என்பது போய் வருபவர்களுக்குத் தெரியும். உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் காற்றினால் லண்டனுக்குப் போக ஆகும் நேரத்தைவிடத் திரும்பும் நேரம் குறைவு. இச்சேவையோ இரண்டுக்கும் ஒரே நேரத்தைக் காட்டுகிறது. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடியதிலிருந்து டெல்லியிலிருந்து மேற்கே செல்லும் அவ்விமானங்கள் சுற்றிப் போக நேர்ந்ததும் இக்கணக்கில் ஏறவில்லை.

உள்ளூர் நேரத்தை அது கண்டுகொள்ளாதது இன்னும் பெரிய குறை. துபாய் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்தங்கியிருப்பதால், காலை 4 மணிக்குக் கிளம்பி நாலேகால் மணி நேரம் பறக்கும் விமானம் அங்கே 6.45க்கு இறங்கும், விமான நிலையத்துக்கு அழைக்க வரும் உறவினருக்கு வேண்டியது அந்த 6.45தான்.

'திருநெல்வேலி' என்று கொடுத்தால், நெல்லையப்பர் கோயில் வாசலிலேயே விமானம் ஏறுவது போல ஊரின் நடுவிலிருந்து அளக்கத் தொடங்கிவிடுகிறது. நாகர்கோவில், மார்த்தாண்டம் நெரிசலைத் தாண்டித் திருவனந்தபுரம் வரை சுமார் 150 கி.மீ. சாலைப் பயணம், பன்னாட்டுப் பயணத்துக்காக மூன்று மணி நேரம் முன்னதாகச் சென்று காத்திருத்தல் ஆகியவற்றையும் சேர்த்தால், துபாய்ப் பயணம் பத்துப் பதினொரு மணி நேரத்தை எட்டிவிடும்.

கட்டணமில்லாத சேவை என்பதால் தூரம் பார்க்கத் தாராளமாகப் பயன்படுத்தலாம். ஆனால் டிக்கெட் போடுவதற்கும் வீட்டிலிருந்து கார் கிளம்பும் நேரத்தை முடிவு செய்வதற்கும் விமான நிறுவனத்தின் கால அட்டவணையையே பார்க்க வேண்டும்.