"ஆப்பிரிக்கன் மிக்ஸ்" வாங்குவதற்கு முன்: ஓர் எச்சரிக்கை

சென்ற ஆண்டு பொங்கல் விடுமுறையில், நான்கடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் ஒன்றரை அடி உயரமும் கொண்ட, ஏறத்தாழ 250 லிட்டர் நீர் பிடிக்கும் தொட்டியை வீட்டில் அமைத்துவிட்டு, அதில் விட ஆப்பிரிக்க சிக்லிட் மீன்கள் வாங்குவதற்காகச் சென்னை கொளத்தூருக்குச் சென்றேன். வண்ணமீன் கடைகளுக்குப் பெயர்போன அந்தப் பகுதியில் நாலு கடை ஏறி இறங்கி விசாரிக்காமல், கண்ணில் பட்ட முதல் பெரிய கடைக்குள் நுழைந்தது என் தவறு. அதற்குப் பிறகு நடந்தவற்றில் பெரும்பங்கு கடைக்காரருடையது.

எவையெவை ஒன்றாக வாழும் என்று நான் கேட்டதற்கு, "எல்லாம் ஆப்பிரிக்கன்தான் சார், எதை வேணும்னாலும் சேர்த்துப் போடலாம்" என்று சொல்லி, அவரே வலையை எடுத்துப் பன்னிரண்டு மீன்களைப் பிடித்துக் கொடுத்தார். இரண்டு அங்குலம்கூட இல்லாத, ஆனால் நீலமும் சிவப்பும் பளபளத்த நான்கு பீகாக். மஞ்சளில் கறுப்புக் கோடு போட்ட நான்கு ஆரேட்டஸ். நீல நிறத்தில் மூன்று கென்யி. ஒரு ஃபிரண்டோசா குஞ்சு. பில்லில் இப்பெயர்கள் எதுவும் இல்லை. "ஆப்பிரிக்கன் மிக்ஸ் - 12, ரூ. 3,200" என்று மட்டுமே எழுதியிருந்தது.

"ஆப்பிரிக்கன்" என்ற சொல் வாங்குபவருக்கு எதையும் சொல்வதில்லை என்பதை நான் பிறகுதான் படித்து அறிந்தேன். ஃபிரண்டோசா டாங்கனிக்கா ஏரியின் மீன். வளர்ந்தால் ஓரடியைத் தொடும் அதற்கு நான்கடித் தொட்டி போதாது. மற்ற மூன்றும் மலாவி ஏரியைச் சேர்ந்தவைதாம் என்றாலும், அவற்றுக்குள்ளும் இருவேறு வாழ்க்கைகள் உள்ளன. ஆரேட்டஸும் கென்யியும் பாறை இடுக்குகளில் இடம்பிடித்து, அந்த இடத்துக்காக ஓயாமல் சண்டையிடும் ம்புனா வகை. அவ்வகையிலும் இவை இரண்டும் முரட்டுத்தனத்துக்குப் பேர்போனவை. பீகாக்கோ மணல் தரையை ஒட்டி நீந்தி, மணலுக்குள் இருக்கும் சிற்றுயிர்களைத் தேடித் தின்னும் சாது. இவற்றை ஒரே தொட்டியில் விடுவது, ஆட்டுப்பட்டியில் ஓநாயைக் கட்டிவைப்பதற்குச் சமம்.

முதல் மாதம் அமைதியாகவே கழிந்தது. பிறகு ஆரேட்டஸில் ஒன்று நாளுக்கு நாள் கறுத்து, மஞ்சள் இருந்த இடமெல்லாம் கருமையும், கருங்கோடுகள் இருந்த இடத்தில் வெளிர்நீலமுமாக மாறியது. நோய் என்று நினைத்துப் பயந்தேன். அது ஆதிக்கம் பெற்ற ஆணின் நிறம். அன்றிலிருந்து ஃபில்டருக்குப் பின்னால், நீர்மட்டத்தை ஒட்டி, வால் நார்நாராகக் கிழிந்த நிலையில் பீகாக்குகள் ஒண்டி நின்றதைத் தினமும் பார்த்தேன். உணவு போட்டாலும் கீழே வராது. நீலக் கென்யிகளில் ஒன்று மஞ்சளானது. குஞ்சுகள் எல்லாமே நீலம், வளர்ந்த ஆண் மட்டும் மஞ்சள் என்பது அந்த இனத்தின் இயல்பு. விற்றவர் இதை அறியாதவராக இருக்க முடியாது.

பீகாக்குகளின் நிறம் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பீகாக் பெண் ஆயுள் முழுவதும் சாம்பல் நிறமாகவே இருக்கும். ஆண்கூட மூன்று அங்குலத்தை நெருங்கும்போதுதான் முழு நிறத்துக்கு வரும். அப்படியிருக்க, கடைத் தொட்டியில் சாம்பல் குஞ்சு ஒன்றுகூட இல்லாமல் இரண்டு அங்குல மீன்கள் அத்தனையும் ஜொலித்தால், உணவில் ஆண் ஹார்மோன் கலந்து கொடுத்திருக்கிறார்கள் என்று சந்தேகிக்க வேண்டும். என் மீன்களுக்கு அப்படிச் செய்தார்கள் என்று நிரூபிக்க என்னிடம் சான்று இல்லை. ஆனால் ஆறு வாரத்தில் நான்கில் மூன்று சாம்பலாயின. மிரட்டப்படும் மீனும் நிறம் மங்கும் என்பது உண்மைதான். ஆகவே அவற்றைத் தனித் தொட்டிக்கு மாற்றி இரண்டு மாதம் காத்திருந்தேன். நிறம் திரும்பவில்லை.

உணவிலும் ஏமாந்தேன். எல்லா மீனுக்கும் இதுவே போதும் என்று அவர் விற்ற, ப்ளட் வார்ம் என்னும் உறைந்த சிவப்புப் புழுவைத் தினமும் போட்டு வந்தேன். பாறையில் படியும் பாசியை மேய்ந்து வாழும் ம்புனாவின் நீண்ட குடலுக்கு அத்தகைய கொழுத்த புரத உணவு ஆகாது. இரண்டு கென்யிகள் தீனியை வாயில் வாங்கித் துப்பத் தொடங்கின. வெள்ளை நூல்போலக் கழிவு தொங்கியது. வயிறு உப்பி, ஒரே வாரத்தில் இரண்டும் இறந்தன. ஸ்பைருலினா என்னும் பாசி கலந்த பெல்லட் தீனி அதே கடையின் அலமாரியில்தான் இருந்தது.

புகார் சொல்லச் சென்றபோது, "தண்ணிதான் சார் பிரச்சினை, போர் தண்ணி வேணாம், கேன் வாட்டர் ஊத்துங்க" என்றார். மலாவி ஏரியின் நீர் காரத்தன்மை உடையது, அதன் பி.எச். அளவு ஏறத்தாழ 7.7 முதல் 8.6 வரை. எங்கள் வீட்டு ஆழ்துளைக் கிணற்றின் கடினநீர் 8.0 காட்டியது, இந்த மீன்களுக்கு அது ஏறக்குறைய சொந்த ஊர்த் தண்ணீர். உப்பெல்லாம் வடிகட்டப்பட்ட கேன் தண்ணீரை ஊற்றியிருந்தால் எஞ்சியவையும் போயிருக்கும்.

ஆகவே, வாங்கச் செல்பவர்கள் ஒவ்வொரு மீனின் இனப்பெயரையும் தனித்தனியே பில்லில் எழுதச் சொல்லுங்கள். எழுதத் தயங்கும் கடையில் வாங்காதீர்கள். வளர்ந்த ஆணின் படத்தைக் கைப்பேசியில் தேடிப் பார்த்த பிறகே பணம் கொடுங்கள். ம்புனாதான் வேண்டுமென்றால் எல்லோ லேப், ஏசெய் போன்ற ஓரளவு சாதுவானவற்றில், ஓர் ஆணுக்கு மூன்று நான்கு பெண் என்ற கணக்கில் தொடங்குங்கள். பீகாக் வேண்டுமென்றால் ம்புனாவை மறந்துவிடுங்கள்.

கடைசியாக, அந்தக் கறுத்த ஆரேட்டஸைத் திருப்பிக் கொடுக்கச் சென்றேன். பணம் தர மறுத்துவிட்டார்கள். மீனை மட்டும் வாங்கிக்கொண்டார்கள். கடைப் பையன் பையை அவிழ்த்து, "ஆப்பிரிக்கன் மிக்ஸ்" என்று சீட்டு ஒட்டிய அதே தொட்டியில், பளபளக்கும் இரண்டு அங்குல பீகாக்குகளுக்கு நடுவே அதைக் கொட்டினான்.