புதுச்சேரியில் ஒரு நாற்காலியின் வாடகை

புதுச்சேரிக்கு வரும் நண்பர்கள் என்னிடம் முதலில் கேட்பது நல்ல காபி எங்கே கிடைக்கும் என்றன்று. உட்கார்ந்து பேச இடம் எங்கே என்றுதான். சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏறத்தாழ 150 கிலோமீட்டர் வண்டி ஓட்டி வந்தவருக்கும் விழுப்புரத்திலிருந்து பேருந்தில் வந்து இறங்கியவருக்கும் வேண்டியது அதுவே. ஆகவே இந்த ஊரின் காபிக் கடைகளையும் உணவகங்களையும் மதுக்கூடங்களையும் ஒப்பிடும்போது தம்ளரில் இருப்பதன் விலையை மட்டும் நான் பார்ப்பதில்லை. அந்த விலைக்கு எவ்வளவு நேரம் எழுப்பாமல் விடுகிறார்கள் என்பதையும் சேர்த்தே கணக்கிடுகிறேன். நாற்காலிக்கும் வாடகை உண்டு. பில்லில் அது தனி வரியாக அச்சாவதில்லை, அவ்வளவுதான்.

கணக்கைத் தொடங்க வசதியான இடம் வாய்க்கால். நகரின் நடுவே வடக்குத் தெற்காகச் செல்லும் அந்தப் பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே, கடலை ஒட்டி, பிரெஞ்சுக்காரர் குடியிருந்த வெள்ளை நகரம். மேற்கே தமிழர் வீதிகள். நிர்வாகம் 1954 நவம்பர் 1 அன்று இந்தியாவின் கைக்கு வந்து, 1962 ஆகஸ்ட் 16 அன்று சட்டப்படியான இணைப்பும் நிறைவேறிய பிறகு சில வீதிகளின் பெயர்கள் மாறின, குடியிருந்தவர்கள் மாறினார்கள். நாற்காலியின் விலையை மட்டும் அந்த வாய்க்கால் இன்றும் இரண்டாகவே பிரித்து வைத்திருக்கிறது. மேற்கே 15 ரூபாய்க்குள் தேநீரும் 30 ரூபாய் அளவில் காபியும் கிடைக்க, பாலத்தைக் கடந்து நான்கு வீதி நடந்தால் ஒரு காபி 150 ரூபாயில் தொடங்கி 250 வரை போகிறது. கொட்டையிலோ பாலிலோ இவ்வளவு வேறுபாடு இருக்க வழியில்லை.

மேற்குப் பக்கத்தில் மிக மலிவானது, குபேர் அங்காடி என்று பலகையிலும் பெரிய மார்க்கெட் என்று பேச்சிலும் வழங்கும் சந்தையைச் சுற்றியுள்ள டீக்கடைகள். அங்கே நாற்காலியே கிடையாது. கடைக்கு ஒரு பெஞ்சு இருந்தால் அதுவும் மீன் கூடையை இறக்கிவைத்துவிட்டு வருகிறவர்களுக்கு உரியது. டீ நன்றாகவே இருக்கும்; ஆனால் நின்றபடி ஐந்து நிமிடத்தில் முடித்து நகர வேண்டியிருப்பதால் பேச்சுக்கு உதவாது.

அதற்கு அடுத்த படி, மிஷன் வீதியிலும் அதன் கிளை வீதிகளிலும் உள்ள சைவ ஓட்டல்கள். இவற்றின் காபியைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு வாய் வராது: டபராவில் வைத்து வரும் தம்ளரின் விளிம்புக்கு மேல் ஒரு விரற்கடை நுரை நிற்கும், அதை ஊதி விலக்கினால் புதிதாக இறங்கிய டிகாக்ஷனின் வாசனை மேலெழும், அடியில் கரையாமல் தங்கிய சர்க்கரை கடைசி வாயில் தெரியும். உட்காரும் நேரம்தான் சிக்கல். காலை ஏழரை மணிக்குப் போனால், இலையை எடுத்த மறுகணமே சர்வர் வந்து, “சார், வேற ஏதாவது?” என்பார். மரியாதையான கேள்விதான், அதன் பொருள், பின்னால் நால்வர் நிற்கிறார்கள் என்பது. அதே ஓட்டலுக்குப் பிற்பகல் மூன்று மணிக்குப் போனால், சாப்பாடு முடிந்து, மாலைச் சிற்றுண்டி தொடங்காத அந்த ஒரு மணி நேரத்தில், 30 ரூபாய்க் காபிக்கு நாற்பது நிமிடம் வரை மின்விசிறிக்கு அடியில் இருக்கலாம், ஒருவரும் கேட்கமாட்டார். நாற்காலியின் விலையைக் கூட்டுவதும் குறைப்பதும் கடிகாரம் என்பதை நான் கற்றது இங்கேதான்.

கடிகாரத்துக்கு அதிகம் கட்டுப்படாத இடம் நேரு வீதியிலுள்ள இந்தியன் காபி ஹவுஸ். இதன் காரணம் அதன் பிறப்பிலேயே இருக்கிறது. மத்திய அரசின் காபி வாரியம் நடத்தி வந்த காபி ஹவுஸ்கள் 1950களின் நடுவில் மூடப்பட்டபோது, வேலை இழந்த தொழிலாளர்கள் ஏ.கே. கோபாலன் போன்ற இடதுசாரித் தலைவர்களின் துணையுடன் கூட்டுறவுச் சங்கங்கள் அமைத்து, 1957 முதல் தாங்களே கடைகளைத் திறந்தார்கள். பரிமாறுகிறவரே சங்கத்தின் உறுப்பினர் என்ற ஏற்பாட்டில், மேசையை மணிக்கு எத்தனை முறை காலி செய்தோம் என்று கல்லாவிலிருந்து பார்க்கும் முதலாளியின் கண் இல்லாமல் போகிறது. ஒரு காபியை வைத்துக்கொண்டு செய்தித்தாளின் நடுப்பக்கம் வரை படிக்கிற முதியவரை அங்கே எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். கும்பகோணம் டிகிரி காபியை எதிர்பார்த்து அங்கே போவது பொருத்தமன்று. அதன் காபி வேறு மரபைச் சேர்ந்தது. சுவைக்கு மட்டும் மதிப்பெண் போடுவதானால் மிஷன் வீதி ஓட்டலையே முன்னே வைப்பேன். இரண்டு பேர், தீர்க்க வேண்டிய ஒரு பழைய வழக்கு, கையில் நூறு ரூபாய் என்றால் காபி ஹவுஸ்தான்.

இனிப் பாலத்தைக் கடக்கலாம். கடற்கரைச் சாலையில், கடலின் பக்கமாகவே கட்டப்பட்டு நிற்கும் ல கஃபே புதுச்சேரி அரசின் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தைச் சேர்ந்தது. அங்கே போகிறவர்கள் காபிக்காகப் போவதில்லை, கடலுக்காகப் போகிறார்கள். சாலைக்கும் அலைக்கும் நடுவே உட்கார்ந்து குடிக்கும் வசதியை அந்தக் கடற்கரையில் வேறெந்தக் கடையும் தருவதில்லை. எதிர்ப்பக்கத்து விடுதிகளின் மாடியிலிருந்தும் கடல் தெரியும், ஆனால் இடையில் ஒரு சாலை கிடக்கும். ஆகவே இதற்குப் போட்டி இன்னொரு கஃபே அன்று. சில அடி தள்ளியிருக்கும் கைப்பிடிச் சுவர். மாலை ஆறு மணி முதல் மறுநாள் காலை ஏழரை வரை கடற்கரைச் சாலையில் வண்டிகளை விடுவதில்லை என்பதால், காந்தி சிலைக்கு இருபுறமும் அந்தச் சுவரில் ஊரே உட்கார்ந்திருக்கும். காகிதக் கூம்பில் 20 ரூபாய்க்குச் சுண்டல் வாங்கிக்கொண்டு, கீழே கருங்கற்களில் மோதும் அலையைப் பார்த்தபடி பத்து மணி வரை பேசினாலும் எழுந்திருக்கச் சொல்ல ஆளில்லை. கடல் ஒன்றே; ஒன்றில் முதுகுக்குச் சாய்வும் மேசையும் உண்டு, மற்றொன்றில் இல்லை. ஐம்பது வயதைத் தாண்டிய விருந்தினரை நான் ல கஃபேக்கே அழைத்துச் செல்கிறேன். கல்லூரி மாணவர்களுக்குச் சுவரைக் காட்டிவிடுகிறேன்.

வெள்ளை நகரத்தின் உள்வீதிகளில், சுஃப்ரன் வீதியிலும் ரொமேன் ரோலான் வீதியிலும் பரவியிருக்கும் முற்றக் கஃபேக்கள் வேறு வகை. மஞ்சள் சுண்ணாம்பு பூசிய பழைய வீடு, உயரமான கதவு, உள்ளே திறந்த முற்றம், நடுவில் ஒரு மரம், அதன் கீழே இரும்பு நாற்காலிகள். அவற்றில் ஒன்றில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்கு, வெளிவாசலில் இருபது நிமிடம் நின்ற பிறகு எனக்கும் நண்பருக்கும் இடம் கிடைத்தது. கூட்ட நேரத்தில் ஒரு மேசைக்கு 60 நிமிடம் என்று எழுதிய சிறு அட்டை உப்புக் குடுவைக்குச் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. ஐம்பதாவது நிமிடத்தில், நாங்கள் கேட்காமலேயே, 420 ரூபாய்க்கு இரண்டு காபியின் பில் தோல் மடிப்பில் வந்து சேர்ந்தது. சர்வரின் கேள்வியாவது வாயால் வந்தது. இதற்கு வாயும் இல்லை. ஆனால் அதே முற்றத்துக்கு ஒரு புதன்கிழமை பிற்பகலில் தனியாகப் போனபோது, ஒரே காபிக்கு இரண்டரை மணி நேரம் அமர்ந்து, கொண்டுபோன வேலை முழுவதையும் முடித்துவிட்டுத்தான் எழுந்தேன். இடையில் தண்ணீர்க் குப்பியை இருமுறை நிரப்பிவைத்தார்கள். ஞாயிறன்று தலைக்கு மணிக்கு 250 ரூபாயாக இருந்த வாடகை, புதனன்று 84 ரூபாயாக இறங்கிவிட்டது. வெள்ளை நகரம் கொள்ளை விலை என்று பொத்தாம்பொதுவாகச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் சனி ஞாயிறுகளில் வந்து போகிறவர்கள்.

சாப்பாட்டில் இந்த ஒப்பீட்டை நீட்ட அவ்வளவு இடமில்லை, ஏனென்றால் மெஸ்ஸில் மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தவர் இருபது நிமிடத்துக்கு மேல் இருப்பதில்லை, இருக்கவும் தோன்றாது. சொல்ல வேண்டியது ஒன்றுதான். வெங்காயமும் பூண்டும் கடுகும் உளுந்தும் சேர்த்து இடித்து, உருட்டி, வெயிலில் காயவைத்த வடகம், மேற்குப் பக்கத்து மெஸ்ஸில் மீன் குழம்பின் தாளிப்பில் விழுகிறது. கிழக்குப் பக்கத்து உணவகத்தில் அதுவே பிரெஞ்சுச் சமையலில் வழங்கும் ‘வதுவான்’ என்ற பெயரில் வெண்ணெயோடு சேர்ந்து பொரித்த மீனின் மேல் வருகிறது. இரண்டில் எது மேல் என்று கேட்டால், வடகம் எண்ணெயில் கருகும் அளவுக்குச் சற்று முன்பு வரை வறுபட வேண்டும், வெண்ணெய் அதற்கு இடம் கொடுப்பதில்லை என்பதால், என் ஓட்டு மெஸ்ஸுக்கே. வயிறு நிறைந்த பின் பேச வேறு இடம் தேட வேண்டியிருக்கும்.

மதுவைப் பொறுத்தவரை, தமிழ்நாட்டிலிருந்து வருகிறவருக்கு முதல் வேறுபாடு சட்டத்திலேயே தொடங்குகிறது. தமிழ்நாட்டில் 2003 முதல் சில்லறை விற்பனை டாஸ்மாக்கின் கையில் இருக்கிறது. இங்கே தனியார் உரிமம் பெற்று நடத்துகிறார்கள். அங்கே 21 வயது, இங்கே 18. போட்டி இருப்பதால் கடைக்குக் கடை நாற்காலியின் தரம் மாறுகிறது; குடிக்கும் பொருளோ எல்லாக் கடையிலும் ஒரே குப்பியிலிருந்துதான் வருகிறது. பெரிய சாலைகளில் இருக்கும் ஏசி பார்களில் உட்கார நேரக் கட்டுப்பாடு இல்லை, ஆனால் தொலைக்காட்சியில் ஓடும் கிரிக்கெட்டும் பக்கத்து மேசையின் உரத்த நட்பும் பேச்சை விழுங்கிவிடும். வெள்ளை நகரத்து விடுதிகளின் மாடி பார்களில் சத்தம் குறைவு, காற்று அதிகம், வாடகை மிக அதிகம். சாராயக்கடைகளைப் பற்றிப் பேசவே வேண்டாம். அங்கே யாரும் உட்காருவதற்காகப் போவதில்லை.

இந்த வரிசையில் நான் உண்மையிலேயே பரிந்துரைப்பது நகரத்துக்கு வெளியே, வில்லியனூர், பாகூர்ப் பக்கத்துக் கிராமங்களில் ஏலம் எடுத்து நடத்தப்படும் கள்ளுக்கடைகளை. தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை இருப்பதால், எல்லைக்கு அப்பாலிருந்து வருகிறவர்களில் பலர் அதை வாழ்நாளில் சுவைத்ததே இல்லை. கீற்றுக் கொட்டகை, மணல் தரை, இரண்டு கட்டைகளின் மேல் கிடத்திய பலகை. பானையிலிருந்து மொண்ட கள்ளைக் கடைக்காரர் பன்னாடையால் வடிகட்டும்போது, அதன் நார்ப் பின்னலில் ஒன்றிரண்டு தேனீக்களும் பாளைத் தூளும் தங்கி, வெண்மையான நீர் மட்டும் நுரைத்துக்கொண்டு கீழே இறங்கும். வாயில் முதலில் இனிப்பு, பிறகு மெல்லிய கூச்சம், கடைசியில் ஈஸ்டின் வாசனை. கூடவே காரப் பொரியோ மிளகாய்ப் பூச்சில் பொரித்த நெத்திலியோ கிடைக்கும். பேருந்தில் போய்ப் பேருந்திலேயே திரும்புவது நல்லது.

கடற்கரைச் சுவரை விட்டால், உட்காரும் நேரத்துக்குக் கணக்கே இல்லாத, வாடகை ஏறத்தாழ ஒன்றுமில்லாத இடம் இந்தக் கள்ளுக்கடை ஒன்றுதான். மேசை இல்லை, சாய்வு இல்லை, மின்விசிறி இல்லை, பெண்கள் தயக்கமின்றி வந்து அமரும் சூழலும் அங்கே இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். இறக்கிய சில மணி நேரத்துக்குள் போய்விட வேண்டும் என்பதுதான் ஒரே நிபந்தனை. பிற்பகல் மூன்று மணிக்குப் போனால் பலகை முழுவதும் காலியாகக் கிடக்கும். பானையில் இருப்பது புளித்திருக்கும்.